டெல் ஆப்டிபிளக்ஸ் 3020-இல் சாம்சங் 870 ஈவோ: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் வீட்டில் இருக்கும் டெல் ஆப்டிபிளக்ஸ் 3020 மினி டவர், ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணினிகளில் ஒன்றாக நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்தது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 8 ஜிபி ரேம், நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் 500 ஜிபி ஹார்டு டிஸ்க். என் மனைவி இரண்டு கடைகளுக்கு டாலியில் கணக்கு எழுதுவது இதில்தான். காலையில் பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பில் பாலை வைத்தால், பால் பொங்கி இறக்கிய பின்னும் திரையில் நீல வட்டம் சுழன்றுகொண்டிருக்கும். பழுது பார்க்கும் கடையில் காட்டியபோது, இது இனித் தேறாது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆனால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் செயலியின் பயன்பாடு 10 விழுக்காட்டைத் தாண்டவில்லை. டிஸ்க் மட்டும் 100 விழுக்காட்டிலேயே நின்றது. வேலை எங்கே தேங்குகிறது என்பது தெரிந்துவிட்டதால், கணினியை மாற்றாமல் 500 ஜிபி கொள்ளளவுள்ள சாம்சங் 870 ஈவோ எஸ்.எஸ்.டி. (சுழலும் வட்டுக்குப் பதில் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிரைவ்) ஒன்றை வாங்கினேன்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் நொடிக்கு 560 எம்பி என்ற வேகத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விண்டோஸ் தொடங்கும்போது பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிப்பதில்லை. ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை வட்டின் மூலைக்கொன்றாகத் தேடி எடுக்கிறது. 7,200 சுற்று வட்டு ஒருமுறை சுழன்று வர 8.3 மில்லிநொடி ஆகும். வேண்டிய இடம், தரவைப் படிக்கும் முள்ளுக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். முள் நகர்வதற்கு இன்னும் சில மில்லிநொடி. ஆக ஒரு நொடிக்கு ஏறத்தாழ எண்பது தேடல்களோடு அதன் மூச்சு நின்றுவிடும். சுழலும் வட்டும் நகரும் முள்ளும் இல்லாத எஸ்.எஸ்.டி. இதே வேலையை நொடிக்குப் பல ஆயிரம் முறை செய்கிறது. பழைய கணினியில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வருவது இந்த வேறுபாட்டால்தான்.

பொருத்துவதற்கு முன் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்வது நல்லது. பெட்டிக்குள் எஸ்.எஸ்.டி.யும் ஒரு சிறு தாளும் மட்டுமே இருக்கும். டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளும் திருகாணியும் தனியாக வாங்க வேண்டும். 2.5 அங்குல டிரைவை 3.5 அங்குல இடத்தில் உட்கார வைக்க ஒரு சட்டமும் தேவைப்படும். அசையும் பாகம் ஏதும் இல்லாததால் சிலர் இருபுறப் பசை நாடாவால் ஒட்டிவிடுகிறார்கள். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

பழைய டிஸ்க்கை அப்படியே படியெடுக்க சாம்சங் டேட்டா மைக்ரேஷன் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். இரவு உணவுக்கு முன் தொடங்கியது, படுக்கப் போகும் நேரத்தில் முடிந்தது. மறுநாள் காலையில் விண்டோஸ் விரைவாகத்தான் தொடங்கியது. என்றாலும் வேகத்தை அளந்து பார்த்தபோது நொடிக்கு 270 எம்பிக்கு மேல் ஏறவில்லை. போலிப் பொருளோ என்று அரைமணி நேரம் குழம்பிய பிறகுதான் தவறு என்னுடையது என்று புரிந்தது. இந்த மதர்போர்டில் டிரைவுகளுக்கான இணைப்புகளை இயக்கும் எச்81 சிப்செட் இரண்டு சாட்டா போர்ட்டுகளுக்கு மட்டுமே நொடிக்கு 6 ஜிகாபிட் வேகம் தரும். மற்றவை அதில் பாதி வேகத்தில் இயங்குபவை. கைக்கு எட்டியது என்பதற்காக டிவிடி டிரைவின் பக்கத்துப் போர்ட்டில் செருகியிருந்தேன். பழைய ஹார்டு டிஸ்க் இருந்த போர்ட்டுக்குக் கேபிளை மாற்றி, தொடங்கும்போது எஃப்2 விசையை அழுத்தி எந்த டிரைவிலிருந்து முதலில் தொடங்குவது என்ற பூட் வரிசையையும் சரிசெய்ததும் அளவு 540-ஐத் தொட்டது. நியாயமாகச் சொன்னால், இந்தத் திருத்தத்தால் அன்றாட வேலையில் ஒரு வேறுபாடும் தெரியவில்லை. 270-இல் இருந்தபோதே கணினி பறந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது பொத்தானை அழுத்தியதிலிருந்து டாலி திறந்து தயாராக நிற்பது வரை அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது. முன்பு நான்கு நிமிடம். பிரவுசரில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்துவிட்டு ஜிஎஸ்டி தளத்துக்கும் எக்செலுக்கும் மாறி மாறிப் போகும்போது, இடையில் வந்துகொண்டிருந்த அந்த உறைவு இல்லை. மாறாதவையும் உண்டு. பெரிய எக்செல் கணக்கு ஒன்றை மறுபடி கூட்டச் சொன்னால் பழைய நேரமே ஆகிறது, ஏனென்றால் அது செயலியின் வேலை. இணையத்தின் வேகத்துக்கும் எஸ்.எஸ்.டி. பொறுப்பல்ல.

ஆயுளைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். இந்தக் கொள்ளளவுக்கு ஐந்து ஆண்டு அல்லது 300 டெராபைட் எழுதுவது வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் தருகிறார்கள். நாள்தோறும் 30 ஜிபி எழுதினாலும் 300 டெராபைட்டைத் தொட இருபத்தேழு ஆண்டுகள் ஆகும். எங்கள் பயன்பாடு அதில் பாதிகூட இல்லை.

மதர்போர்டிலேயே நேராகச் செருகும், இதைவிட வேகமான எம்.2 வகையை வாங்கியிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். 3020-இன் மதர்போர்டில் அதற்கான இடமே இல்லை. உங்கள் கணினியின் மாடல் எண்ணை வைத்து இதைச் சரிபார்த்த பிறகே பணத்தை எடுங்கள். ரேம் 4 ஜிபி மட்டும் உள்ளவர்கள் அதையும் சேர்த்து ஏற்றிக்கொள்வது நல்லது. இந்த மாடல் இரண்டு இடங்களில் சேர்த்து 16 ஜிபி டிடிஆர்3 வரை ஏற்கும்.

இதை வாங்கலாமா என்பதில் எனக்கு இருக்கும் தயக்கம் ஒன்றே, அதுவும் எஸ்.எஸ்.டி.யைப் பற்றியதல்ல. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்கும் இன்டெல் செயலிகள், ஒரு சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன; இதில் இருப்பதோ நான்காம் தலைமுறை. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்சுக்கு மாற மனமில்லாதவர்கள் இந்த வயதுக் கணினியில் பெரிய கொள்ளளவுக்குச் செலவழிக்க வேண்டாம். 250 ஜிபி போதும். நான் 500 எடுத்ததற்குக் காரணம், அடுத்த கணினி வரும்போது இதைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம் என்பதுதான். பழைய ஹார்டு டிஸ்க்கை இப்போது இரண்டாவது டிரைவாக வைத்து, வெள்ளிக்கிழமை மாலைகளில் டாலி தரவை அதில் ஒரு படி எடுத்து வைக்கிறோம்.