பழைய போர்டைச் சரிசெய்வதா, புதுசு வாங்குவதா? பாலிக்கு ஒரு பதில், வில்லியம்ஸுக்கு வேறு பதில்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் மாமா டீரூம் (சின்ன மூலைக்கடை) நடத்திய காலத்துப் பின்பால் மெஷின்கள் (பந்தைத் தட்டி ஸ்கோர் எடுக்கும் ஆட்ட மெஷின்கள்) இரண்டு இப்போது என் கராஜில் நிற்கின்றன. ஒன்று பாலி என்ற அமெரிக்கக் கம்பெனியின் எய்ட் பால், 1977. இன்னொன்று அங்கேயே உள்ள வில்லியம்ஸ் கம்பெனியின் ஃபயர்பவர், 1980. இரண்டும் ஒரே வியாதியோடு வந்தன: சுவிட்சைப் போட்டால் உள்ளே பல்புகள் எரியும், ஸ்கோர் கட்டங்கள் இருட்டாகவே கிடக்கும், ஆட்டம் தொடங்காது. மெஷினை இயக்கும் பழைய எலக்ட்ரானிக் போர்டோடு மல்லுக்கட்டுவதா, அமெரிக்காவிலிருந்து புதுசு வரவழைப்பதா என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே பதிலைச் சொல்வதில்லை, ஏனென்றால் பாலி போர்டு எங்கே வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும், வில்லியம்ஸ் ஏறக்குறைய ஊமை.

அதற்கு முன்னால் கரண்ட். எந்தப் போர்டாக இருந்தாலும் 5 வோல்ட் சரியாக வராவிட்டால் புதுப் போர்டும் எழாது, இதைப் பார்க்காமல் பணத்தை அனுப்பிவிட்டுப் பிறகு முழிப்பவர்கள் நிறைய. 4.9க்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். மீட்டரை ஏசிக்கு மாற்றி அதே இடத்தில் மறுபடி வைத்துப் பாருங்கள், அங்கே கணிசமாக ஏதாவது காட்டினால் கரண்டின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் பெரிய ஃபில்டர் கப்பாசிட்டர் போய்விட்டது. நம்ம தென்னாப்பிரிக்காவில் இது இன்னும் முக்கியம். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அதாவது கப்பாசிட்டர் ஒரு தடவை நிரம்பி மறுபடி நிரம்ப அங்கே 8.3 மில்லிசெகண்ட், இங்கே 10. அந்த இடைவெளியைத் தாங்க முடியாத கிழட்டுக் கப்பாசிட்டர் இங்கே சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். பாலிக்கு நான் 15,000 மைக்ரோஃபேரட், 25 வோல்ட் போட்டேன். 2023ல் லோட் ஷெடிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோது கரண்ட் திரும்பி வரும் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி வைக்கும் பழக்கம் வந்தது, இன்னும் விடவில்லை.

சரி, பாலி. போர்டில் ஒரு சின்ன எல்.ஈ.டி. இருக்கிறது, முழு வைத்தியமும் அதை எண்ணுவதில்தான். சுவிட்ச் போட்டதும் ஒரு தரம் மினுக்கும், பிறகு ஏழு தடவை கண் சிமிட்ட வேண்டும். முதல் சிமிட்டல் வந்தால் ஆட்டத்தின் புரோகிராம் இருக்கும் ரோம் சிப்கள் சரி. இரண்டாவது யூ7 ராம் (தற்காலிக நினைவுச் சிப்), மூன்றாவது யூ8 ராம், நான்கும் ஐந்தும் யூ10, யூ11 என்ற இரண்டு 6821 சிப்கள் (பிராசஸரை மெஷினின் மற்ற பாகங்களோடு இணைப்பவை), ஆறாவது டிஸ்பிளேயின் டைமர், ஏழாவது ஏசி பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தைப் பிடிக்கும் சர்க்யூட். எந்த எண்ணிக்கையில் நிற்கிறதோ அதற்கு அடுத்ததில்தான் கோளாறு. என்னுடையது சிமிட்டவே இல்லை, எரிந்தபடியே நின்றது. அப்படி நின்றால் பிராசஸர் ஓடவே இல்லை என்று அர்த்தம், பெரும்பாலும் குற்றவாளி பிராசஸரைக் கிளப்பிவிடும் ரீசெட் சர்க்யூட், அதைக் கெடுத்தவன் பக்கத்தில் பற்றவைத்திருக்கும் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பாட்டரி.

பாட்டரியிலிருந்து கசிந்ததை எல்லோரும் ஆசிட் என்கிறோம், ஆனால் அது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, சுத்தமான காரம். அதனால்தான் சமையலறை வினிகரும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்து தேய்த்தால் அடங்குகிறது. பச்சை பூத்த இடத்தைச் செம்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவிட்டு, அந்த மூலையில் உள்ள ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர், பிராசஸர் சாக்கெட் எல்லாவற்றையும் மாற்றினேன். டர்பன் கடல் காற்றுக்குச் சாக்கெட்டுகள் எப்படியும் கறுத்துப் போயிருக்கும், அதில் புது சிப்பைச் செருகிப் பயனில்லை. இரண்டு சனிக்கிழமை ஆனது. ஒரு நாள் இரவு பதினொன்றரைக்கு ஏழு எண்ணி முடித்தபோது நான் போட்ட சத்தத்தில் அக்கா பக்கத்து வீட்டிலிருந்து போன் பண்ணிவிட்டார்.

ஃபயர்பவரில் இருக்கும் வில்லியம்ஸ் சிஸ்டம் 6 போர்டுகளில் இந்தச் சுகமெல்லாம் இல்லை. இரண்டு எல்.ஈ.டி., இரண்டும் ஒரு கணம் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால் எழவில்லை, அவ்வளவுதான் தெரியும். ஆனால் முதல் சந்தேகம் எங்கே என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்: மேலே பிராசஸர் போர்டு, கீழே பல்புகளையும் காயில்களையும் இயக்கும் டிரைவர் போர்டு, நடுவே இரண்டையும் இணைக்கும் 40 பின் கன்னெக்டர். டேட்டா வயர்கள் முழுக்க அது வழியாகவே போகின்றன. ஒரு பின் தளர்ந்தாலும் மெஷின் எழாது, அல்லது எழுந்து நடு ஆட்டத்தில் விழும். எனக்கு முன்னால் இதைப் பார்த்த ரிப்பேர்க்காரர் மூன்று சிப்களை மாற்றிக் காசும் வாங்கிப் போயிருந்தார், கன்னெக்டரைத் தொடவேயில்லை. நான் இரண்டு பக்கமும் புதுசு போட்டேன், எழுந்தது. பிறகு ஒரு மாதத்தில் மறுபடி விழுந்தது, இந்தத் தடவை மூன்று ஏ.ஏ. பாட்டரி இருக்கும் மூலையிலிருந்து ஓடிய கசிவு போர்டின் உள்ளே போயிருந்தது.

அங்கேதான் நான் கையைத் தூக்கினேன். பாலிக்கு ஆல்டெக் போன்ற புதுப் போர்டுகள் உண்டு, பாட்டரி கிடையாது, சின்ன சுவிட்சுகளைத் தள்ளி எந்த ஆட்டம் என்று சொல்லிவிடலாம், நல்ல சரக்குதான். ஆனால் கசிவு ஒரு மூலையோடு நின்ற பாலிக்கு அது அநாவசியச் செலவு, கப்பல் கூலியும் சுங்கமும் சேர்த்தால் இன்னும். வில்லியம்ஸுக்கோ இரண்டு போர்டையும் ஒன்றாக்கிச் செய்த மாற்றுப் போர்டுகள் வந்திருக்கின்றன. 40 பின் கன்னெக்டரே இல்லை, தலைவலியும் இல்லை. அதற்கு ரேண்ட் கொடுக்க எனக்கு வருத்தமில்லை.

மூன்றாவதாக, வேலை செய்யும் பழைய போர்டு என்று சிலர் விற்பார்கள். வேண்டாம். அதிலும் அதே வயதுப் பாட்டரி இருந்திருக்கும்.

இப்போது எய்ட் பாலில் அதே பழைய போர்டு ஓடுகிறது. பாட்டரி மட்டும் போர்டில் இல்லை, ஒரு டையோடையும் (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்) சேர்த்து வயர் நீட்டி, மெஷினின் அடியில், கசிந்தால் மரத்தில் கசியட்டும் என்று வைத்திருக்கிறேன்.