12 வோல்ட்டா, 18 வோல்ட்டா? கடைக்குப் போகும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

திரைச்சீலைக் கம்பி மாட்ட மொத்தம் நான்கு ஓட்டைதான் தேவை. 12 வோல்ட் ஹாமர் டிரில்லை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. அரை அங்குலம் போனதும் பிட் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. தோள் வலிக்க அழுத்தியதில் பிட்டின் நுனி கறுத்ததுதான் மிச்சம். ஃபேன் மாட்ட வந்திருந்த எலக்ட்ரீஷியன் தம்பி கீழிருந்து பார்த்துவிட்டு, "அக்கா, அது செங்கல் இல்லக்கா, லிண்டல், ஜன்னலுக்கு மேல ஓடுற கான்கிரீட் உத்தரம். இந்த மெஷினுக்கு அது ஏறாது" என்றார். தன் பையிலிருந்து ஒயர் வைத்த ஹாமர் மெஷினை எடுத்தார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்கு ஓட்டைக்கும் சேர்த்து இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

'18 வோல்ட்டே வாங்கியிருக்க வேண்டும்' என்றுதான் அன்றைக்கு முதலில் தோன்றியது. அடுத்த வாரமே தோழியிடம் 18 வோல்ட் ஹாமர் டிரில்லை இரவல் வாங்கிவந்து, பக்கத்து ஜன்னலுக்கு மேலே போட்டுப் பார்த்தேன். ஓட்டை விழுந்தது. ஆனால் மூன்று முறை நிறுத்தி, பிட்டை வெளியே எடுத்து ஆறவிட்டு, திரும்ப முழு பலத்தோடு அழுத்த வேண்டியிருந்தது. மூன்றாவது ஓட்டைக்குப் பிறகு என் மணிக்கட்டு கேட்கவில்லை. அப்போதுதான் இது வோல்ட் விஷயமே இல்லை, மெஷினுக்குள் இருக்கும் அமைப்பு வேறு என்று புரிந்தது.

அதனால் வீட்டு வேலைக்கும் பொழுதுபோக்கு மரவேலைக்கும் மெஷின் வாங்க நினைப்பவர்களுக்கு நான் எதிரெதிரே வைப்பது இந்த இரண்டு வழிகளைத்தான். ஒன்று, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு 18 வோல்ட் ஹாமர் டிரில் கிட். மற்றொன்று, மரத்துக்கு ஒரு 12 வோல்ட் டிரில், கான்கிரீட்டுக்கு ஒயர் வைத்த எஸ்டிஎஸ் ஹாமர், அதாவது அந்தத் தம்பி எடுத்த வகை மெஷின். நான் பார்த்தவரை, இரண்டாவது ஜோடியின் விலை ஒரு நல்ல பிரஷ்லெஸ் (மோட்டாரில் தேயும் கார்பன் பிரஷ் இல்லாத) 18 வோல்ட் கிட்டின் விலையை ஒட்டித்தான் வருகிறது. என் ஓட்டு இரண்டாவதுக்கு. காரணங்களைச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கார்ட்லெஸ் டிரில்லில் சுத்தியல் படம் போட்ட இடத்துக்கு வளையத்தைத் திருப்பினால் உள்ளே நடப்பது இதுதான்: பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஏறி இறங்குகின்றன. நிமிடத்துக்கு 20,000 அடிக்கு மேல் அடிக்கும். கடையில் இந்த எண்ணைத்தான் பெரிதாகக் காட்டுவார்கள். ஆனால் ஒவ்வொரு அடியும் மிகச் சின்னது, அதன் பலமும் நீங்கள் பின்னாலிருந்து எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எஸ்டிஎஸ் ஹாமரில் அப்படி இல்லை. உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்த, அந்தக் காற்று ஓர் எஃகுத் துண்டைத் தள்ள, அது போய் பிட்டின் அடியில் மோதுகிறது. நிமிடத்துக்கு 4,000 முதல் 5,000 அடிதான், ஆனால் ஒவ்வொன்றும் 2 ஜூல், 2.7 ஜூல் என்று எடை உள்ள அடி. பலமாக அழுத்த வேண்டாம், லேசாக அழுத்தி நேராகப் பிடித்தால் போதும். பிட்டும் சாதாரண டிரில்லின் சக்கில் (பிட்டைக் கவ்வும் தாடைகளில்) போல இறுக்கிப் பிடிக்கப்படுவதில்லை. 10 மில்லிமீட்டர் தண்டில் இருக்கும் பள்ளங்களில் தளர்வாக உட்கார்ந்து, முன்னும் பின்னும் நகர்ந்து அடிவாங்குகிறது. போஷ் 1975-இல் கொண்டுவந்த இந்த அமைப்பைத்தான் இன்று எல்லாக் கம்பெனிகளும் பின்பற்றுகின்றன.

இனி சுவர். சென்னையில் ஒரு தெருவுக்குள்ளேயே நாலு விதச் சுவர் இருக்கும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளில் செங்கலும் சுண்ணாம்பும். அதற்கு 12 வோல்ட் டிரில்லே அதிகம், ஹாமரை ஓட்டினால் சுற்றியுள்ள பூச்சு பாளமாகப் பெயர்ந்து வரும். எண்பது, தொண்ணூறுகளில் கட்டிய அடுக்குமாடிகளில் தூணும் உத்தரமும் கான்கிரீட், நடுவில் செங்கல். இதில் 12 வோல்ட் ஹாமர் டிரில் செங்கலில் சுகமாக இறங்கும், லிண்டலில் நின்றுவிடும். ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே பாரம் தாங்க லிண்டல்தான் ஓடுகிறது. திரைச்சீலைக் கம்பி மாட்டுவதும் சரியாக அங்கேதான். ஓஎம்ஆர் பக்கம் எழும்பும் உயரமான புதுக் குடியிருப்புகள் சிலவற்றில் அலுமினியச் சட்டம் வைத்து சுவரையே முழுக்க கான்கிரீட்டில் வார்த்துவிடுகிறார்கள். அங்கே ஒரு படம் மாட்டக்கூட எஸ்டிஎஸ் வேண்டும். இன்னும் சில புதுக் கட்டடங்களில் வெளிர் நிறத்தில், காற்றுக் குமிழி நிறைந்து லேசாக இருக்கும் ஏஏசி பிளாக். அதில் ஹாமரே கூடாது. வெறும் சுழற்சியில் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் செருகும் பிளக்கை அதற்கென்று தனியாக வாங்கவில்லை என்றால் ஸ்க்ரூ அதே வேகத்தில் வெளியேயும் வந்துவிடும்.

எந்தச் சுவர் என்று தெரியாவிட்டால், கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் சின்ன பிட்டால் ஒரு ஓட்டை போட்டு, விழும் தூளை ஒரு காகிதத்தில் பிடியுங்கள். முதலில் வரும் சாம்பல் தூள் பூச்சு. அதன் பிறகு செம்மண் நிறத்தில் வந்தால் செங்கல். மாவு மாதிரி வெளிர் நிறத்தில் மளமளவென்று வந்தால் ஏஏசி. சாம்பலாகவே, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் கான்கிரீட். சாம்பல் நிற ஃப்ளை ஆஷ் செங்கலும் உண்டு, ஆனால் அதில் பிட் தடையின்றிப் போகும். இந்த ஒரு ஓட்டை உங்கள் பல ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் மட்டும் போடாதீர்கள், உள்ளே பைப்பில் ஒயர் ஓடும்.

மரம் என்று வந்தால் கதையே மாறிவிடுகிறது. பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு வேலை மரத்திலும் பிளைவுட்டிலும்தான். அங்கே 12 வோல்ட் டிரில்லின் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தாராளம். 18 வோல்ட்டில் வரும் 50-ஐ நான் ஒரு நாளும் முழுசாகப் பயன்படுத்தியதில்லை. மாறாக, பிட் சிக்கிக்கொண்டால் அந்த 50 உங்கள் மணிக்கட்டைத்தான் திருகும். எடையிலும் 12 வோல்ட் டிரில் பேட்டரியோடு சுமார் 1 கிலோ. அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஒரு கையால் கீலைப் பிடித்து, மறு கையால் ஸ்க்ரூ ஏற்றும்போது இதன் அருமை தெரியும். என் கை சின்னது. அதனால் பிடியின் பருமனையும் பார்த்தேன். போஷ் 12 வோல்ட்டில் பேட்டரி கைப்பிடிக்குள் நுழைகிறது, பிடி கொஞ்சம் தடிமன். மகீட்டாவின் இப்போதைய 12 வோல்ட்டில் பேட்டரி அடியில் சறுக்கி மாட்டுவது, பிடி ஒல்லி, மேஜையில் தானாக நிற்கவும் செய்யும். பெட்டியில் எழுதியிருக்கும் எந்த எண்ணையும்விட இது எனக்கு முக்கியமாகப் பட்டது. கடையில் கையில் வாங்கிப் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

விசை அளவு மீறினால் சுழற்சியைத் துண்டிக்கும் கிளட்சைப் பற்றி எனக்கு ஒரு பித்தளை ஸ்க்ரூதான் கற்றுக்கொடுத்தது. இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய தேக்குப் பலகையில் ஒரு சாவி மாட்டும் பெட்டி செய்தேன். கீலுக்குப் பித்தளை ஸ்க்ரூ. சக்குக்குப் பின்னால் எண் போட்ட கிளட்ச் வளையத்தை, கிளட்ச் வேலை செய்யாத டிரில் குறியிலேயே விட்டுவிட்டு ட்ரிக்கரை அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம், தலை மட்டும் தனியாகத் துள்ளி விழுந்தது, உடல் தேக்குக்குள்ளேயே தங்கிவிட்டது. அதைத் தோண்டி எடுக்க ஒரு முழு மாலை போனது. இப்போது என் முறை இப்படி: மெல்லிய பிட்டால் வழி ஓட்டை, அதில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருமுறை ஏற்றி இறக்கி மரையை வெட்டிக்கொள்வது, பிறகு பித்தளை ஸ்க்ரூவில் கொஞ்சம் சோப்பைத் தடவி, கியர் 1, கிளட்ச் 3 அல்லது 4. கடைசி அரைச் சுற்று கையால். எங்கள் தெரு ஆசாரி கிளட்சே இல்லாத காலத்திலிருந்து சோப்புக் கட்டியைப் பையில் வைத்திருக்கிறார்.

இம்பாக்ட் டிரைவர் என்று இன்னொரு மெஷின் விற்பார்கள். நீளமான ஸ்க்ரூ நிறைய ஏற்றுபவர்களுக்கு அருமையான சாமான், 12 வோல்ட்டிலேயே 100 நியூட்டன் மீட்டர் வரை தரும். ஆனால் கிளட்ச் கிடையாது, சத்தமும் காதைத் துளைக்கும். அடுக்குமாடியில் மத்தியானம் ஓட்டினால் பக்கத்து வீட்டு மாமி கதவைத் தட்டுவார். முதல் மெஷினாக வேண்டாம்.

பேட்டரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஏன் கான்கிரீட்டுக்கு ஒயர் என்கிறேன் என்பது தெரியும். 18 வோல்ட், 2 ஆம்பியர் அவர் பேட்டரியில் இருப்பது 36 வாட் அவர் மின்சாரம். சுவரில் செருகும் 800 வாட் ஹாமர் முழு வேகத்தில் இழுத்தால் அதே 36 வாட் அவரை மூன்று நிமிஷத்துக்குள் குடித்துவிடும். பேட்டரியில் ஓடும் எஸ்டிஎஸ் ஹாமரும் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதற்குப் பெரிய பேட்டரி வேண்டும், அந்த விலை தினமும் சைட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். வருஷத்துக்கு இருபது கான்கிரீட் ஓட்டை போடுகிற எனக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போதும். கார்பன் தேய்ந்தால் சொற்பக் காசுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆர்மேச்சர் போனாலும் காயில் கட்டிக் கொடுக்கும் கடை இந்த ஊரில் எங்கேயும் உண்டு. பிரஷ்லெஸ் மெஷினில் கார்பனே கிடையாது, அதே சார்ஜில் கூடுதல் நேரம் ஓடும், உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் போர்டு போனால் தெருமுனைக் கடையில் ஒன்றும் செய்ய முடியாது.

பெட்டியில் போட்டிருக்கும் வோல்ட் எண்களை நம்பி மயங்க வேண்டாம். லித்தியம் செல் ஒன்று 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாகக் கோத்தால் 18. முழு சார்ஜ் ஏறிய நேரத்தில் ஒவ்வொன்றும் 4.2-க்குப் போகும், அப்போது 21. ஆகவே 18, 20, 21 எல்லாம் ஒரே ஐந்து செல்தான். அதேபோல் 10.8-உம் 12-உம் ஒரே மூன்று செல். பெயரில்லாத மெஷின்களில் 48 என்றும் 98 என்றும் அச்சடித்திருப்பார்கள். அப்படி ஒன்றின் பேட்டரியை நான் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது ஐந்து செல்.

பிராண்ட் விஷயத்தில் என் கருத்து சுருக்கமானது. போஷ், மகீட்டா, டிவால்ட் மூன்றும் பொழுதுபோக்கு வேலைக்கு வேண்டியதற்கு மேலேயே தாங்கும். பார்க்க வேண்டியது பேட்டரியின் குடும்பம். ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொன்றில் ஏறாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே கம்பெனிக்குள்ளேயே ஏறாது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். போஷின் நீல (தொழில்முறை) 18 வோல்ட் பேட்டரி அதன் பச்சை (வீட்டு உபயோக) மெஷினில் ஏறாது. மகீட்டாவின் 18 வோல்ட் பேட்டரி 40 வோல்ட் மெஷினில் ஏறாது. பாரிமுனை கடையானாலும் ஆன்லைன் ஆனாலும், மெஷின் விலையைக் கேட்கும் முன் தனி பேட்டரியின் விலையைக் கேளுங்கள். மூன்று நான்கு வருஷம் கழித்து நீங்கள் நிச்சயம் வாங்கப்போவது அதைத்தான்.

அந்த மூன்று நான்கு வருஷமும் சென்னையில் தானாக வராது. 'முழுசாகத் தீர்ந்த பிறகு சார்ஜ் போடு' என்று அப்பா சொல்லுவார். அது நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்துப் பாடம். லித்தியத்துக்கு அது நேர் எதிர், பாதியில் போடுவதுதான் நல்லது. மே மாதத்தில் மொட்டை மாடியில் வேலை செய்துவிட்டுச் சூட்டோடு சார்ஜரில் செருகினால் விளக்கு மினுக்கிக்கொண்டு ஏறாமல் நிற்கும். பழுது என்று நினைத்துவிடாதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் சார்ஜர் ஏற்றாது, அரை மணி நேரம் நிழலில் ஆறவிடுங்கள். மூடிய காரில், லாஃப்டில் வைக்கவே வேண்டாம். மாதக் கணக்கில் வேலை இல்லையென்றால் பாதி சார்ஜில் அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர்க் கடல்காற்றில் சக்கின் தாடைகள் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்கும், ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள்.

கீழ்த்தட்டு என்று சொல்லும்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ஹாமரும் டிரில்லும் பேட்டரிகளும் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தன. ஹாமரைப் பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, வாரக்கணக்கில் காயவைத்து, பேரிங் மாற்றி, புது கிரீஸ் போட்டோம். இன்றும் ஓடுகிறது. பேட்டரிகளை அப்படிக் காயவைத்துப் பயன்படுத்த முடியாது. வெளியே உலர்ந்திருந்தாலும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும், சார்ஜில் போட்டால் தீப்பிடிக்கலாம். இரண்டு பேட்டரிகளையும் இ-வேஸ்ட்டில் கொடுத்தேன். இப்போது தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு என் அளவு: அலமாரியில் இடுப்புக்கு மேலே, லாஃப்டுக்குக் கீழே.

18 வோல்ட்தான் வேண்டும் என்று நானே சொல்லும் ஆட்களும் உண்டு. சர்குலர் ரம்பம், கட்டிங் மெஷின், பிளேனர் எல்லாம் ஒரே பேட்டரியில் ஓட வேண்டும் என்று திட்டம் வைத்திருப்பவர்கள், தோட்டத்து வேலையும் சேர்த்துப் பார்ப்பவர்கள், கரண்ட் இணைப்பே இன்னும் வராத மனையில் வேலி போடுபவர்கள். இவர்கள் 12 வோல்ட்டில் தொடங்கினால் இரண்டு குடும்பத்துப் பேட்டரியையும் கட்டி மேய்க்க வேண்டியிருக்கும். முதலிலேயே 18-க்குப் போய்விடலாம், லிண்டல் ஓட்டைக்கு மட்டும் ஹாமரை நாள் வாடகைக்கு எடுக்கலாம். அதையும் எடுக்கும்போது பிட்டைச் சேர்த்து வாங்காமல், 6 மில்லிமீட்டரில் புது எஸ்டிஎஸ் பிட் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை மெஷினோடு வரும் பிட்டின் நுனி தேய்ந்து ஒல்லியாகியிருந்தால், உங்கள் பிளக் உள்ளே போகாது.