ஐடெம்பியரின் வெப் கன்சோல்: பிளகின் ஏற்றுவதற்கு அருமை, ஆனால் டேட்டாபேஸ் அதன் கண்ணில் படாது

ஐடெம்பியர் ஈஆர்பியில் (நிறுவன நிர்வாக மென்பொருள்) பிளகின், அதாவது கூடுதல் வசதி, போட மூன்று வழிகள் உண்டு: ஷெல்லிலிருந்து பி2 (எக்ளிப்ஸின் நிறுவும் கருவி) மூலம் ஏற்றுவது, டெல்நெட்டில் ஓஎஸ்ஜிஐ (ஜாவா நிரலைப் "பண்டில்" எனும் தனித்தனித் துண்டுகளாக ஏற்றி இறக்கும் தரம்) கன்சோலுக்குள் போவது, பிரவுசரில் வெப் கன்சோலைத் திறப்பது. பெரும்பாலானவர்கள் கை வைப்பது மூன்றாவதில்தான். தவறில்லை. ஜாவா பக்கத்து வேலையை அது நன்றாகவே செய்கிறது. அதில் "ஆக்டிவ்" என்று வந்ததும் பிளகின் முழுதாக ஏறிவிட்டது என்று நம்பிவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இந்தக் கன்சோல் அப்பாச்சி ஃபெலிக்ஸ் திட்டத்திலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டது. ஐடெம்பியர் ஓடுவதோ எக்ளிப்ஸின் ஈக்வினாக்ஸ் எனும் ஓஎஸ்ஜிஐ தளத்தின் மேல். இரண்டும் ஓஎஸ்ஜிஐ தரத்தில் இருப்பதால் ஒட்டிப்போகின்றன. சர்வர் முகவரியோடு 8080 அல்லது 8443 போர்ட்டைச் சேர்த்து, பின்னால் ஓஎஸ்ஜிஐ/சிஸ்டம்/கன்சோல்/பண்டில்ஸ் என்று கொடுத்தால் திறக்கும். நிர்வாகி உரிமை உள்ள பயனர் வேண்டும். புதிதாக நிறுவிய சர்வரில் பெயர் சூப்பர்யூசர், கடவுச்சொல் சிஸ்டம். இது ஊரறிந்த கடவுச்சொல். முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.

பிளகின் ஏற்றும் முறை எளிது. வலது மேல் மூலையில் இன்ஸ்டால்/அப்டேட் பொத்தான். பிளகினின் ஜார் கோப்பைத் (ஜாவா நிரல் தொகுப்பு) தேர்ந்தெடுத்து, ஸ்டார்ட் பண்டில், ரெஃப்ரெஷ் பேக்கேஜஸ் ஆகிய இரண்டு பெட்டிகளையும் டிக் செய்து அனுப்பவேண்டியதுதான். அதே சிம்பாலிக் பெயரில் (பண்டிலின் உள் அடையாளப் பெயர்) ஏற்கெனவே பண்டில் இருந்தால் அதன் மேலேயே அப்டேட் ஆகும், இரண்டாவதாக ஒன்று சேராது. ரெஃப்ரெஷ் டிக்கை விட்டுவிட்டால், அந்தப் பண்டிலை நம்பியிருக்கும் மற்றவை பழைய கிளாஸ்களையே பிடித்துக்கொண்டிருக்கும். "புது ஜார் போட்டும் பழைய பிழையே வருகிறது" என்ற புகாருக்கு முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான்.

கன்சோலின் உண்மையான பலம் பிழை கண்டுபிடிப்பதில் இருக்கிறது. ஒரு பண்டில் "இன்ஸ்டால்டு" நிலையிலேயே நின்று "ரிசால்வ்டு" ஆகாமல் போனால், பெயருக்குப் பக்கத்திலுள்ள முக்கோணத்தை அழுத்தி விரியுங்கள். இம்போர்ட்டட் பேக்கேஜஸ் வரிசையில் எந்த பேக்கேஜ், எந்த வெர்ஷன் வரம்பு கிடைக்கவில்லை என்று வரி வரியாகக் காட்டும். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: பிளகின் வேறு ஐடெம்பியர் வெளியீட்டுக்காகக் கட்டப்பட்டிருக்கும், அல்லது அதற்குத் தேவையான இன்னொரு பண்டில் ஏறியிருக்காது. பிளகின் ஜாவா 21க்குக் கட்டப்பட்டு சர்வர் ஜாவா 17இல் ஓடினாலும் இதே இடத்தில்தான் நிற்கும். கிட்ஹப்பிலிருந்து ஜாரை எடுக்கும்போது உங்கள் வெளியீட்டு எண்ணுக்கான கிளையில் கட்டியதுதானா என்று பார்த்து எடுத்தால் பாதித் தலைவலி குறையும்.

இரண்டு நிலைகளைப் பார்த்துப் பதற வேண்டாம். "ஸ்டார்ட்டிங்" என்று நிற்கும் பல பண்டில்கள் தேவைப்படும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் வகை. "ஃபிராக்மென்ட்" என்றிருப்பதைத் தனியாக ஸ்டார்ட் செய்யவே முடியாது, அது தாய்ப் பண்டிலோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும். திரையின் தோற்றத்தை மாற்றும் தீம்கள் இந்த வகை. ஸீகே (திரையை வரையும் ஜாவா கட்டமைப்பு) இடைமுகப் பண்டில்தான் இவற்றுக்குத் தாய். தீம் ஏற்றிவிட்டு அந்தத் தாய்ப் பண்டிலை ரெஃப்ரெஷ் செய்தால் உள்ளே இருக்கும் பயனர்கள் எல்லோரும் வெளியே தள்ளப்படுவார்கள், பாதி அடித்த இன்வாய்ஸோடு. அலுவலக நேரத்தில் தொடாதீர்கள். வேலை நேரம் முடிந்தபின் சர்வரையே ஒருமுறை நிறுத்தித் தொடங்குவது மேல்.

இனி, கன்சோல் பார்க்காத பக்கம். ஐடெம்பியர் பிளகினில் ஜாவா மட்டும் இருப்பதில்லை. புது டேபிள், விண்டோ, மெனு, பிராசஸ் எல்லாம் 2பேக் எனப்படும் ஜிப் கோப்பாக ஜாரின் மெட்டா-இன்ஃப் அடைவில் உட்கார்ந்திருக்கும். பண்டில் தொடங்கும்போது அதன் ஆக்டிவேட்டர் அந்த ஜிப்பை டேட்டாபேஸில் இறக்கும். இது தோற்றாலும் கன்சோல் "ஆக்டிவ்" என்றே காட்டக்கூடும். ஆகவே ஏற்றியபின் சிஸ்டம் ரோலில் நுழைந்து பேக் இன் விண்டோவைத் திறந்து, அந்தப் பெயருக்கும் வெர்ஷனுக்கும் நிலை என்ன என்று பாருங்கள். கூடவே சர்வரின் லாக் கோப்பையும் பாருங்கள். அதற்குப் பிறகு ரோல் ஆக்சஸ் அப்டேட், சீக்வன்ஸ் செக் இரண்டையும் ஓட்டி, கேஷ் ரீசெட் செய்து, வெளியேறி மறுபடி நுழையுங்கள். மேனுவல் என்று குறித்த ரோல்களுக்குப் புது விண்டோ தானாக வராது, கையால்தான் அனுமதி கொடுக்கவேண்டும்.

பிளகின் எழுதுபவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடமும் இதுவே. எந்த வெர்ஷன் ஏற்கெனவே இறங்கியது என்று டேட்டாபேஸில் பதிவு இருக்கும். 2பேக் 1.0.0 இறங்கியபின் அதே எண்ணில் திருத்திய ஜிப்பை வைத்து எத்தனை முறை அப்டேட் கொடுத்தாலும் ஆக்டிவேட்டர் அதைத் தொடாமல் தாண்டிப்போகும். 1.0.1 என்று புதுக் கோப்பாகப் போடுங்கள்.

அன்இன்ஸ்டால் பொத்தானை நம்பி எதையும் சோதித்துப் பார்க்கவே கூடாது. அது ஜாரை மட்டும் எடுக்கும். டேபிள்கள், கூடுதல் நெடுவரிசைகள், மெனு வரிகள் அப்படியே கிடக்கும். அந்த மெனுவைப் பயனர் தட்டினால் கிளாஸ் இல்லை என்று பிழை வரும். பழைய நிலைக்குத் திரும்ப நம்பகமான வழி பேக்அப் ஒன்றுதான். யூட்டில்ஸ் அடைவில் டேட்டாபேஸ் எக்ஸ்போர்ட் ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஒவ்வொரு பிளகினுக்கும் முன்னால் அதை ஓட்டுங்கள். பிளகினை முதலில் சோதனை சர்வரில் போட்டுப் பார்ப்பதை நாங்கள் கட்டாயம் என்றே சொல்வோம்.

இன்னொரு சின்ன விஷயம்: கன்சோல் வழியாக ஏற்றும் ஜார், பிளகின்ஸ் அடைவுக்குப் போவதில்லை. கான்ஃபிகரேஷன் அடைவுக்குள் எண் பெயரிட்ட உள் அடைவில் சேமிக்கப்படும். புது வெளியீட்டை வேறு அடைவில் புதிதாக விரித்தால் அங்கே உங்கள் பிளகின்கள் இருக்காது. மூல ஜார்களையும் அவற்றை ஏற்றிய வரிசையையும் தனியாக எழுதி வையுங்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். இந்தப் பக்கத்துக்குள் நுழைந்தவர் தனக்கு வேண்டிய நிரலை ஜாராக ஏற்றி, ஐடெம்பியர் பயனருக்குள்ள உரிமையோடு சர்வரில் ஓட்டிவிட முடியும். சர்வருக்கு முன்னால் கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் என்ஜின்எக்ஸ் இருந்தால் ஓஎஸ்ஜிஐ என்று தொடங்கும் பாதையை அலுவலக ஐபி அல்லது விபிஎன்னுக்கு மட்டும் திறந்துவிட்டு மற்றவர்களுக்கு மூடுங்கள். 8080, 8443 போர்ட்டுகளை வெளியிலிருந்து நேராக அடைய முடியாதபடி ஃபயர்வாலிலும் அடைக்கவேண்டும், இல்லையென்றால் என்ஜின்எக்ஸில் போட்ட தடையைச் சுற்றிக்கொண்டு வந்துவிடலாம்.

வெப் கன்சோலே திறக்காத நாளில் சர்வருக்குள்ளிருந்து டெல்நெட்டில் 12612 போர்ட்டுக்குப் போங்கள். எஸ்எஸ் கட்டளை பண்டில் பட்டியலைத் தரும், டயாக் கட்டளையோடு பண்டில் எண்ணைக் கொடுத்தால் என்ன குறைகிறது என்று சொல்லும். வேலை முடிந்ததும் டிஸ்கனெக்ட் கொடுத்து வெளியே வாருங்கள். எக்சிட் கொடுத்தால் ஈக்வினாக்ஸை நிறுத்தவா என்று கேட்கும், வெறும் என்டர் தட்டினாலும் அது ஆமாம் என்றுதான் எடுத்துக்கொள்ளும், மொத்த சர்வரும் நின்றுவிடும்.