தண்ணி குடிச்ச வேகன் ஆர்: திருச்சியில் ஏமாந்த கதை

பழைய கார் வாங்குவதென்றால் எந்த மாடல் வாங்கலாம் என்று மூணு மாசம் ஆராய்ச்சி செய்தவன் நான். கடைசியில் வாங்கிய வண்டியைப் பார்க்க ஒதுக்கியது முக்கால் மணி நேரம். 3,35,000 ரூபாய் கொடுத்து நான் மாட்டிக்கொண்டதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

மாதம் அறுநூறு கிலோமீட்டர் ஓட்டினாலே எங்கள் வீட்டில் அதிகம். அந்த ஓட்டத்துக்கு டீசல் வண்டி தேவையே இல்லை. பராமரிப்பு கையைக் கடிக்கக் கூடாது, மணப்பாறையில் நின்றாலும் ஸ்பேர் கிடைக்கணும், அம்மா குனியாமல் ஏறணும். ஆகவே ஒரு லிட்டர் பெட்ரோல் வேகன் ஆர், 2018 மாடல். அந்த முடிவு தப்பில்லை என்று இப்போதும் சொல்வேன். தப்பு, நான் எடுத்த அந்த ஒரு வண்டியில்.

2024 ஜூனில் திருச்சியில் ஒரு பழைய கார் கடை. பெயர் போடவில்லை, வழக்கு நடக்கிறது. வண்டி பளபளவென்று இருந்தது. பதிவு எண் TN எனத் தொடங்காமல் வெளிமாநிலமாக இருந்தால் வேண்டாம் என்று மட்டும் நினைத்துப் போனேன். இது சோழிங்கநல்லூர் ஆர்டிஓ எண். சென்னை வண்டி, ஐடி கம்பெனிக்காரர் ஓட்டியது என்றார் கடைக்காரர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அந்தப் பக்கம் எப்படி மிதந்தது என்று டிவியில் பார்த்தவன்தான் நானும். அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவே இல்லை.

காகித வேலையில் அந்த ஆள் படு சுத்தம். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்கள், லோன் அடைத்ததற்கான 35, எல்லாம் தயாராக இருந்தன. பேப்பர் இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறவன் வண்டியில் ஏமாற்றவா போகிறான் என்று நம்பிவிட்டேன்.

முதல் வாரமே அம்மா சொன்னார், "என்னடா, உள்ள குளத்து வாடை அடிக்குது?" கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சை வாசனை அட்டையைக் காட்டி, அந்த வாடைதான் என்று சமாளித்தேன். நவம்பர் மழையில் ஆரம்பித்தது. ராத்திரி இரண்டு மணிக்கு வாசலில் நிற்கிற வண்டி தானாகவே டக் டக் என்று லாக் போட்டு எடுக்கும். அப்புறம் இடது பக்கக் கண்ணாடி இறங்கினால் ஏறாது. ஒரு நாள் காலையில் ஸ்டார்ட்டே ஆகவில்லை.

எங்கள் மெக்கானிக் பாய் பானெட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து, அது வருகிற வரைக்கும் வெளியே இழுத்தார். கடைசி ஒரு முழம் மட்டும் வேறு நிறம். குறுக்கே ஒரு செம்மண் கோடு, அதற்குக் கீழே பெல்ட் அட்டை மாதிரி விறைத்திருந்தது.

"சார், இது தண்ணி குடிச்ச வண்டி. சீட்டை ஷாம்பு போட்டு வெள்ளையாக்கிடுவாங்க. பெல்ட்டோட அடிவாரத்தை எவன் கழுவுவான்?"

பிறகு தரை விரிப்பைக் கிழித்துக் காட்டினார். அடியில் பஞ்சு இன்னும் நசநசவென்று இருந்தது, பிழிந்தால் சேற்றுத் தண்ணி. சீட் நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகள் துரு. வயரிங் சாக்கெட் ஒன்றைப் பிரித்தார். பித்தளைக் குடத்தில் களிம்பு ஏறுமே, அப்படி ஒவ்வொரு பின்னிலும் பச்சை பூத்திருந்தது. உடனே எதுவும் நடக்காதாம். வெயில் காலத்தில் சமத்தாக ஓடும், அடுத்த மழையின் ஈரத்தில் ஒவ்வொன்றாகக் கையை விரிக்கும். ஜூனில் விற்றது அதனால்தானோ என்னவோ.

பாய்க்குத் தெரிந்த சர்வீஸ் சென்டர் ஆள் மூலம் எண்ணைக் கொடுத்துப் பார்த்ததில், 2023 டிசம்பர் இரண்டாம் வாரம் வண்டியை இழுத்து வந்திருக்கிறார்கள். தண்ணீர் புகுந்தது என்று பதிவு. எஸ்டிமேட் போட்டதோடு சரி, ரிப்பேர் செய்யாமலே எடுத்துப் போய்விட்டார்கள்.

இதில் என்னை அறைய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கடைக்காரர் கொடுத்த இன்சூரன்ஸ் பேப்பரிலேயே விஷயம் இருந்தது. நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் போடாத வருஷங்களுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி: 0. ஐந்து வருஷம் கிளைமே போடாத வண்டிக்கு அந்த இடத்தில் 50 சதவீதம் இருக்கும். முந்தைய ஓனர் போனஸைத் தன் புது வண்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தாலும் பூஜ்யம் வரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் "ஏன் பூஜ்யம்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நான் பார்த்தது பாலிசி எப்போது முடிகிறது என்பதை மட்டும்.

தரை வயரிங், லாக்கைக் கவனிக்கிற கன்ட்ரோல் மாட்யூல், ஸ்டார்ட்டர் மோட்டார், வீல் பேரிங் எல்லாம் சேர்த்து 61,400 ரூபாய் ஆகிவிட்டது. இன்னும் ஆகும் என்கிறார் பாய். பராமரிப்புச் செலவு குறைவு என்று தேடி எடுத்த வண்டி!

கடைக்குப் போனேன். "வண்டியை ஓட்டிப் பார்த்து, திருப்தியுடன் உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன்" என்று நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து நீட்டினார். டெலிவரி அன்று பூமாலை போட்டு, லட்டு கொடுத்து, நடுவில் வாங்கிய கையெழுத்து அது.

நீங்கள் போனால் வாசனை அட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு, கண்ணாடியை ஏற்றி ஐந்து நிமிஷம் ஹீட்டரை ஓட விடுங்கள், வாடை தானாக வெளியே வரும். நாலு பெல்ட்டையும் கடைசி வரை இழுங்கள். ஸ்டெப்னி கிடக்கிற குழியைத் தடவிப் பாருங்கள். கூட ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போக ஐந்நூறோ ஆயிரமோ ஆகும். நான் அதை மிச்சம் பிடித்தேன்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியும் கடைக்காரர் மசியவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்தேன். 5 லட்சத்துக்குள் கொடுத்த பொருள் என்பதால் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கிழித்த பஞ்சைக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன், சீட் பெல்ட்டை மாற்றவில்லை. இரண்டும் சாட்சி. இதே மாதிரி வழக்குப் போட்டவர்கள் யாராவது இருந்தால், அந்த "உள்ளது உள்ளபடி" கையெழுத்தை உங்கள் வக்கீல் எப்படி எதிர்கொண்டார் என்று மட்டும் சொல்லுங்கள்.