அக்கா மகனுக்கு வாங்கிய ரயில்

கிறிஸ்துமஸுக்கு அக்கா மகனுக்காக நான் தேர்ந்தெடுத்தது, ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் 1859இல் தொடங்கப்பட்ட மேர்க்லின் நிறுவனத்தின் ‘மை வேர்ல்ட்’ பொம்மை ரயில் தொகுப்பு. அசலில் 87இல் ஒரு பங்கு அளவுள்ள இந்த ரயில், தண்டவாளத்தில் மின்சாரம் பாயாமல் மின்கலத்தால் ஓடுவதாலும், பெட்டிகள் காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதாலும், நான்கு வயதுப் பையன் யார் துணையும் இன்றி ஓட்டுகிறான்.

முன்பொரு முறை, விலை மலிவென்று வேறொரு நிறுவனத்தின் மின்சார ரயிலை வாங்கிக் கம்பளத்தின் மேல் விரித்தபோது, மெல்லிய இணைப்புத் தகடுகள் வளைந்து, கம்பள நூல் சக்கர அச்சில் சுற்றிக்கொண்டு, இரண்டாம் நாளே வண்டி நின்றுவிட்டது. (அழுதது பிள்ளை மட்டுமல்ல.) இதிலோ தண்டவாளத் துண்டுகள் சரளைக்கல் மேடு போன்ற பிளாஸ்டிக் அடித்தளத்தோடு வருகின்றன, ‘க்ளிக்’ என்று ஒலி கேட்கும்வரை அழுத்தினால் போதும்.

ஒரு குறை உண்டு. பிற்பாடு மின்சார எஞ்சின் வாங்கினால் இந்தப் பிளாஸ்டிக் தண்டவாளம் உதவாது, உலோகத் தண்டவாளம் தனியே வாங்க வேண்டும். ஆனால் இந்த ரயில் அந்நிறுவனத்தின் உலோகத் தண்டவாளத்திலும் ஓடும். எட்டு வயதைத் தாண்டிய பிள்ளையென்றால் நேரே மின்சாரத் தொகுப்பையே வாங்கிவிடலாம்.