ஓட்டையில்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு காக்டஸ்: மூன்றரை வருட அனுபவம்

2022 ஜனவரியில் ஒரு நர்சரியில் ஆசைப்பட்டு வாங்கியது. வாய் அகன்ற கண்ணாடிக் கிண்ணம், அடியில் நீலமும் வெள்ளையுமாகக் கலர் மணல், மேலே கூழாங்கல், நடுவில் இரண்டு குட்டிக் காக்டஸ்: சிவப்புத் தலை வைத்த மூன் காக்டஸ் ஒன்று, பந்து மாதிரி மாமிலேரியா ஒன்று. விலை 650 ரூபாய். இன்று உயிரோடு இருப்பது மாமிலேரியா மட்டும்தான்.

மூன் காக்டஸ் என்பது ஒரு செடி இல்லை, இரண்டு. அந்தச் சிவப்புத் தலையில் பச்சையம் கிடையாது, தானாகச் சாப்பாடு தயாரிக்க முடியாது, அதனால் அதை ஒரு பச்சைத் தண்டின் மேல் ஒட்டு வைத்து விற்கிறார்கள்; பெரும்பாலும் டிராகன் பழக் கொடியின் தண்டு. அந்தத் தண்டுக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். பக்கத்திலிருக்கும் மாமிலேரியாவோ மெக்சிகோ பக்கத்து வறண்ட நிலத்துச் செடி, அதற்கு அவ்வளவு ஆகாது. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் நட்டது யார் புத்தியோ. ‘வாரம் ஒரு தடவை ரெண்டு ஸ்பூன்’ என்று கடையில் சொன்னதை நான் மழைக்காலத்திலும் விடாமல் செய்தேன். நவம்பரில் தண்டின் அடி பழுப்பாகி, தொட்டால் கனிந்த வாழைப்பழம் மாதிரி அமுங்கியது. மேலே சிவப்புத் தலை ஜம்மென்று இருந்ததால் அதுவரை கவனிக்கவே இல்லை.

கிண்ணத்தைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அடியில் கூழாங்கல்லும் கரியும் போட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வடிந்து எங்கே போகும்? ஓட்டைதான் இல்லையே. பொடி மண் தண்ணீரை ஸ்பாஞ்சு மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும், முழுக்க ஊறின பிறகுதான் கல்லுக்குள் இறங்கும், இறங்கியது அங்கேயே நிற்கும். போதாததற்கு, மண் என்று அவர்கள் போட்டிருந்தது கிட்டத்தட்ட முழுக்கத் தென்னைநார்க் கழிவு. இப்போது சலித்துத் தூசி எடுத்த எம்-சாண்ட், பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல், கொஞ்சம் பெர்லைட் (எடையே இல்லாத வெள்ளைத் துகள், மண் இறுகாமல் இருக்க), ஒரு கைப்பிடி மண்புழு உரம், அவ்வளவுதான். கலர் மணல் குப்பைக்குப் போய்விட்டது.

தண்ணீருக்கு நான் கண்டுபிடித்த வழி சமையலறைத் தராசு. காய்ந்த நிலையில் கிண்ணம் 1,180 கிராம். ஊசி இல்லாத சிரிஞ்சில் செடியைச் சுற்றி 40 மில்லி விடுவேன், எடை 1,220 ஆகும், அது திரும்ப 1,180க்கு இறங்கி இன்னும் ஒரு வாரம் போனால்தான் அடுத்த தண்ணீர். கோடையில் இது பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வருகிறது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சுத்தமாக நிறுத்திவிடுவேன். காலையில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் தராசே வேண்டாம், உள்ளே ஈரம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீடே நசநசத்துக் கிடந்தது, சுவர் கூட ஈரம், ஆனால் ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருந்த செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

வெளிச்ச விஷயத்தில் நான் செய்த கூத்து வேறு. முதல் ஆறு மாதம் அழகுக்காக டிவி பக்கத்தில் வைத்திருந்தேன். பந்து மாதிரி இருந்தது மேலே கூம்பாக நீண்டது, ‘பாரு, எப்படி வளருது!’ என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அது வளர்ச்சி இல்லை, வெயில் தேடி நீள்வது. அந்த இடுப்பு இன்றுவரை ஒல்லியாகத்தான் இருக்கிறது. அப்புறம் பதறிப்போய் ஒரே நாளில் மொட்டை மாடி வெயிலுக்குத் தூக்கிப்போய், ஒரு பக்கம் வெளிறிக் கருகியது தனிக்கதை. இப்போது கிழக்கு ஜன்னல், காலை மூன்று மணி நேர வெயில். மாவுப்பூச்சி ஒரே ஒரு தடவை வந்தது, ஸ்பிரிட் நனைத்த பட்ஸால் துடைத்ததோடு சரி.

வாங்கலாமா என்றால், செடி இல்லாத வெறும் கிண்ணத்தை வாங்குங்கள், ஒரே ஒரு செடி வையுங்கள், தண்ணீர் ஊற்றாமல் கை சும்மா இருக்கும் என்றால் மட்டும். இந்த பிப்ரவரியில் மாமிலேரியா உச்சியைச் சுற்றி வளையமாக இளஞ்சிவப்புப் பூ விட்டது, அடியில் நான்கு குட்டிகளும் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு அக்கா தனக்கும் கண்ணாடியில் ஒன்று வேண்டும் என்றார். ஒரு குட்டியைப் பிரித்து, ஓட்டை போட்ட மண்தொட்டியில் நட்டுக் கொடுத்தேன். அக்காவுக்குக் கொஞ்சம் கோபம்தான்.