எங்கள் பேரூராட்சியை மாதாமாதம் கவனித்ததில் தெரிந்துகொண்டது

ஒரு சின்ன ஊரின் நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால், திறப்பு விழாக்களுக்குப் போவதைவிட மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலை, அதாவது அந்தக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும் விஷயங்களின் பட்டியலை, படிப்பது மேல். காவிரிக் கரைப் பக்கம் ஒரு பேரூராட்சியில் குடியிருக்கிறேன். 2022 மார்ச்சில் புது மன்றம் பதவியேற்றதிலிருந்து அந்தப் பொருள் நிரலை மாதாமாதம் எங்கள் வார்டு கவுன்சிலர் அக்காவிடம் கேட்டு வாங்கிப் படித்து வருகிறேன். படித்ததைத் தெருவில் போய்ப் பார்ப்பதும் பழக்கமாகிவிட்டது. இத்தனை நாள் அனுபவத்தில் எது தேறியது, எது அப்படியே கிடக்கிறது என்று சொல்கிறேன். பேரூராட்சியில் குடியிருக்கும் யாருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

அதற்கு முன்பு நிலைமை வேறு. பழைய மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19ல்தான் நடந்தது. இடையில் ஐந்து வருஷத்துக்கும் மேல் தனி அலுவலர் பொறுப்பில்தான் ஊர் இருந்தது. வேலை நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், நடந்தது. ஆனால் யாரிடம் கேட்பது, எந்தக் கூட்டத்தில் பேசச் சொல்வது என்று வழியே இல்லை. மன்றம் வந்ததில் எனக்குக் கிடைத்த முதல் பயன் இந்தப் பொருள் நிரல்தான்.

அதில் முதல் சில பொருட்கள் எல்லா மாதமும் ஒரே மாதிரி இருக்கும். போன மாத வரவு செலவு, பதிவான பிறப்பு இறப்பு, இவை மன்றத்தின் பார்வைக்கு. அப்புறம் மோட்டார் பழுது நீக்கிய செலவு, பிளீச்சிங் பவுடர் வாங்கியது, தெருவிளக்குச் சாமான்கள், வாகன டீசல். ஒரு மாதம் மட்டும் படித்தால் அலுப்பாகத்தான் இருக்கும். தொடர்ந்து படிக்கும்போதுதான் விஷயம் பிடிபடும். ஒரே ஆழ்குழாய்க் கிணற்றின் மோட்டார் திரும்பத் திரும்பப் பழுதுக்குப் போகிறது என்றால் அங்கே வேறு ஏதோ கோளாறு. எங்கள் ஊரில் அப்படி ஒரு மோட்டார் இருந்தது. கவுன்சிலர் அதைக் கூட்டத்தில் கேட்ட பிறகுதான் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து பார்த்து மோட்டாரை மாற்றினார்கள்.

சேவைகளில் முதலில் தண்ணீர். எங்கள் ஊருக்கு இரண்டு வழியாகத் தண்ணீர் வருகிறது. உள்ளூர்க் கிணறுகளின் உப்புத் தண்ணீர் ஒன்று, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் ஆற்றுத் தண்ணீர் இன்னொன்று. ஆற்றிலிருந்து எடுத்து எங்கள் தரைமட்டத் தொட்டி வரைக்கும் கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியத்தின் வேலை. அங்கிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, வால்வு திறந்து தெருத்தெருவாக விடுவது பேரூராட்சியின் வேலை. இந்தப் பிரிவு தெரியாமல் நாங்கள் பல வருஷம் குழாய் பொருத்துநரையே திட்டிக்கொண்டிருந்தோம். இப்போது வார்டு வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே தகவல் வந்துவிடுகிறது: "இன்னைக்குத் தண்ணி வராதுங்க, ஆத்துப் பக்கம் மெயின் லைன் உடைஞ்சிருச்சு, நாளைக்குச் சாயந்தரம் விடுவோம்." இந்த ஒரு வரியால் எத்தனை வீடுகளில் காலை நேரப் பரிதவிப்பு தீர்ந்தது என்று சொல்லி முடியாது. காசே செலவாகாத இந்த ஏற்பாட்டை நான் பெரிய முன்னேற்றமாகவே எண்ணுகிறேன்.

பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 லிட்டர், இருக்கும் ஊருக்கு 135 லிட்டர் என்பது நெடுநாளாக வழக்கிலிருக்கும் கணக்கு. எங்கள் ஊர் முதல் வகை. மொத்தத் தண்ணீரை மக்கள்தொகையால் வகுத்தால் கணக்கு சரியாகவே வரும். ஆனால் கடைக்கோடித் தெருக்களுக்கு அந்த அளவு போய்ச் சேருவதில்லை. காரணம் ஊருக்கே தெரியும். நடுவில் இருக்கும் வீடுகள் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகின்றன. கோடைக்காலத்தில் பேரூராட்சி ஆட்கள் வந்து மோட்டார்களைப் பறிமுதல் செய்வார்கள், கொஞ்ச நாள் கடைசி வீட்டிலும் குடம் நிறையும். மழை வந்ததும் சோதனை நின்றுவிடும், மோட்டார்கள் திரும்ப வந்துவிடும். எல்லா மாதமும் நடக்க வேண்டிய வேலையைப் பருவ வேலையாக வைத்திருப்பதுதான் இதில் குறை. இன்னொன்று, குளோரின். கடைசிக் குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். அதைச் சோதிக்கும் சின்னப் பெட்டி குழாய் பொருத்துநரிடமே இருக்கிறது. கேட்டால் உங்கள் கண்முன்னே சொட்டு மருந்து விட்டு நிறத்தைக் காட்டுவார். தயங்காமல் கேளுங்கள்.

குப்பை விஷயத்தில் ஏற்ற இறக்கம் அதிகம். 2016ல் வந்த திடக்கழிவு விதிகளின்படி மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் குப்பை என்று தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊருக்கு வெளியே வளம் மீட்புப் பூங்கா இருக்கிறது. மக்கும் குப்பையை உரமாக்குகிறார்கள். அந்த உரத்தை வாங்கி என் வீட்டுக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் போடுகிறேன், தரம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் பிரித்துக் கொடுக்கும் பழக்கம் வளர்ந்ததும் தேய்ந்ததும் யார் வண்டி தள்ளி வந்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் இருந்தது. ஒரே அக்கா தொடர்ந்து வந்த காலத்தில், பிரிக்காமல் கொடுத்தால் வாசலிலேயே நின்று, "இதைக் கொஞ்சம் பிரிச்சுக் குடுங்க கண்ணு" என்பார். யாரும் மறுக்கவில்லை. ஒப்பந்தம் மாறியது, ஆட்கள் மாறினார்கள், சம்பளம் தள்ளிப்போன பேச்சும் காதில் விழுந்தது. அந்த மாதங்களில் எல்லாமே ஒரே தொட்டியில் போனது. பேட்டரி வண்டிகளும் அப்படித்தான். வாங்கும்போது வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். பேட்டரி செத்தபின் புதுப் பேட்டரிக்கான தீர்மானம் வர மாதங்கள் ஆயின. தூய்மைப் பணியாளர்களின் சம்பளம் தேதி தவறாமல் போய்ச் சேருகிறதா என்பதுதான் என்னைப் பொறுத்தவரை குப்பைச் சேவையின் முதல் அளவுகோல். பேரூராட்சியின் மாத அறிக்கையில் எத்தனை டன் குப்பை எடுத்தார்கள் என்று இருக்கிறது, சம்பளம் எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்று ஒரு வரி இல்லை. அந்த வரி வேண்டும்.

சான்றிதழ்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்குச் சான்றிதழை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பெயரை ஒரு வருஷத்துக்குள் சேர்த்தால் அதற்கும் கட்டணமில்லை. முன்பெல்லாம் இதற்கு அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருந்தது. வீட்டு வரைபட அனுமதியும் எளிதாகியிருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் உடனடியாக அனுமதி கிடைக்கிறது. தெருவிளக்கும் பரவாயில்லை. கம்பத்தின் எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்தால் சீக்கிரம் வருகிறார்கள்.

சொத்து வரி பற்றி ஊரில் இன்னும் கோபம் இருக்கிறது. 2022ல் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்த்தினார்கள். நகர அமைப்புகள் சொத்து வரியை அவ்வப்போது திருத்தினால்தான் மத்திய மானியம் என்று பதினைந்தாவது நிதிக்குழு நிபந்தனை வைத்தது இதற்கு ஒரு காரணம். 2021-26 ஆண்டுகளில் அந்த மானியத்திலும் எங்கள் மாதிரி ஊர்களுக்கு 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்க முடிந்தது. 40 சதவீதம்தான் மற்ற தேவைகளுக்கு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, "குப்பை வண்டிக்குக் காசு இருக்கு, எங்க தெருவுக்கு ரோடு போடக் காசு இல்லையா" என்ற கேள்விக்கு ஓரளவு பதில் கிடைத்தது. கட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல்: அரையாண்டு தொடங்கி முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழியும், அதிகபட்சம் 5,000 ரூபாய். எங்கள் தெருவில் பலருக்கு இது தெரியாமலே இருந்தது. மற்றபடி, வீடு வாங்கியவர்கள் வரி ரசீதில் பெயர் மாற்றுவது இன்னமும் இழுபறிதான்.

திட்டப் பணிகளுக்கு வருகிறேன். நான் அதிகம் கவனித்ததும் அதிகம் வருத்தப்பட்டதும் இதில்தான்.

ஒரு வடிகாலோ பேவர் பிளாக் தெருவோ நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் பல படிகளைத் தாண்ட வேண்டும். மதிப்பீடு, மன்றத் தீர்மானம், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி உத்தரவு. அதன் பிறகுதான் பூமி பூஜை. வேலை நடக்கும்போது பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுவார், ஊரில் இதை எம் புக் என்பார்கள். அதை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பட்டியல் தொகை, அதாவது பில் பணம். இத்தனை படிகளில் எந்தப் படியில் நின்றாலும் மாத அறிக்கையில் வருவது ஒரே வாக்கியம்: பணி நடைபெற்று வருகிறது. எங்கள் மேற்குத் தெரு வடிகாலுக்கு அந்த வாக்கியம் மாதக் கணக்கில் வந்தது. போய்ப் பார்த்தால் கம்பி கட்டிய குழி, அதில் தேங்கிய தண்ணீர், குறுக்கே போட்ட பலகை. அந்தப் பலகை மேல் நடந்துதான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். ஒப்பந்ததாரர் முதல் பட்டியல் தொகைக்குக் காத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அதை அறிக்கையிலேயே எழுதியிருந்தால் கவுன்சிலர் அந்த மாதமே கேட்டிருப்பார்.

வேலைக்கும் காலம் உண்டு என்பது இன்னொரு பாடம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் டிசம்பர் முடியும்வரை சாலை வேலை படுத்துவிடும். ஜனவரிக்கு மேல் சூடு பிடிக்கும். மார்ச்சில் நிதியாண்டு முடிவதால் பட்டியல்கள் மொத்தமாகக் குவியும். தேர்தல் வந்தால் அதுவும் குறுக்கே நிற்கும். 2024ல் மார்ச் 16ல் மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது, வாக்கு எண்ணியது ஜூன் 4ல். இடைப்பட்ட மாதங்களில் புதிய பணி எதையும் தொடங்க முடியவில்லை. வேலைக்கு ஏற்ற நல்ல வெயில் காலம் அப்படியே போனது. ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை என்று கோபப்படுவதற்கு முன் அது எந்த மாதம் என்று பார்ப்பது நியாயம்.

நியாயமே இல்லாத ஒன்றும் நடந்தது. எங்கள் பக்கம் ஒரு தெருவுக்குப் பேவர் பிளாக் போட்டார்கள். பளிச்சென்று இருந்தது, தெருவே கோலம் போட்டுக் கொண்டாடியது. கொஞ்ச காலத்திலேயே மத்திய அரசின் அம்ருத் 2.0 திட்டக் குடிநீர்க் குழாய்க்காக அதே தெருவைத் தோண்டினார்கள். கற்களைப் பெயர்த்து ஓரமாக அடுக்கி, குழாய் பதித்து, மண்ணை மூடித் திரும்ப அடுக்கினார்கள். மண் இறுகுவதற்கு முன்பே அடுக்கியதால் முதல் மழைக்கே நடுவில் பள்ளம் விழுந்தது. இரண்டு வேலைக்கும் தீர்மானம் போட்டது ஒரே மன்றம், இரண்டு கோப்பும் இருந்தது ஒரே அலுவலகம். எந்தத் தெருவில் அடுத்த ஒரு வருஷத்தில் என்னென்ன தோண்டல் இருக்கிறது என்று ஒரு பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தால் இந்த நஷ்டம் வந்திருக்காது. அந்தத் தெருவின் வயதானவர்கள் இன்றும் அந்தப் பள்ளத்தைச் சுற்றித்தான் நடக்கிறார்கள். இதைப் பற்றி மனு கொடுத்தேன், முதல்வர் உதவி எண் 1100க்கும் பேசினேன். சரிசெய்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது, பள்ளம் அப்படியேதான் இருக்கிறது.

நல்லபடியாக முடிந்த திட்டமும் உண்டு. வாரச்சந்தையில் மேற்கூரையும் மேடைகளும் கட்டினார்கள். முன்பு மழை நாளில் காய்கறியைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்த பெண்கள் இப்போது மேடையில் உட்கார்ந்து விற்கிறார்கள். குத்தகை ஏலத்திலும் தொகை கூடியிருக்கிறது. அந்தப் பணி சீராக முடிந்ததற்குக் காரணமாக எனக்குத் தெரிவது ஒன்று: வரைபடம் போடும் முன்பே சந்தைக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மேடையின் உயரம், லாரி திரும்பும் இடம், கழிப்பறை எந்தப் பக்கம் என்று அவர்களே சொன்னார்கள்.

உங்கள் ஊரிலும் ஒரு பணி சந்தேகமாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டம் 2005 கைகொடுக்கும். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். பலர் காகித நகல் மட்டும்தான் கேட்கலாம் என்று நினைக்கிறார்கள். பணி நடக்கும் இடத்தை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியைச் சான்றுடன் எடுக்கவும் அந்தச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. மதிப்பீட்டின் நகலையும் அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கான்கிரீட்டின் கனம் எவ்வளவு என்று இரண்டிலும் இருக்கும், டேப் வைத்துத் தெருவில் அளந்துவிடலாம். விண்ணப்பம் எழுதும்போது அதிகாரிகளைக் குற்றவாளிகளாகப் பேசாமல் வேலையின் பெயரையும் தீர்மான எண்ணையும் மட்டும் குறிப்பிட்டால் பதில் ஒழுங்காக வருகிறது. பேரூராட்சியில் ஆள் பற்றாக்குறை உண்மையானது. எங்கள் பொறியாளர் ஒருவரே பக்கத்துப் பேரூராட்சியையும் சேர்த்துப் பார்க்கிறார்.

இன்னும் தொடாத வேலை ஒன்று பாக்கி. செப்டிக் டேங்க் கழிவு. லாரியில் எடுத்துப் போகிறார்கள், எங்கே கொட்டுகிறார்கள் என்பது மாத அறிக்கையில் வருவதே இல்லை. கருங்குழி என்ற பேரூராட்சியில் 2017லேயே மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டது, தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது. நகராட்சி கூட இல்லாத ஓர் ஊர் செய்தது அது. எங்கள் ஓடைக்கரையில் இரவில் லாரி நிற்பதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அந்த ஓடை போய்ச் சேர்வது ஆற்றில். லாரிகள் எங்கே கொட்டின என்ற பதிவை மாதாமாதம் மன்றத்தில் வைக்கச் சொல்லி கவுன்சிலர் அக்காவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பொருளாகக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. மேற்குத் தெரு வடிகால் ஓடையில் சேரும் இடத்தில் இன்னும் கொஞ்ச தூரம் வேலை இருக்கிறது, கடைசிப் பட்டியல் தொகையை விடும் முன் மழைத் தண்ணீர் தேங்காமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று தெருக்காரர்கள் சேர்ந்து செயல் அலுவலரிடம் மனு கொடுத்திருக்கிறோம்.